எடுக்காத வெற்றிலை

தீபிகா நாட்டை விட்டுப் போனது 2016 ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை. அன்று விடியும்போதே மலைமேல் மஞ்சக்குட்டைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. தனபால் முதல் பஸ்ஸில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் இறங்கி, சேலத்தில் பவித்ராவின் அப்பா வீட்டு வாசலில் போய் நின்றபோது கீழே வெயில் சுள்ளென்று அடித்தது. அவன் சட்டையின் தோள்பட்டை மட்டும் இன்னும் ஈரம் காயவில்லை. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சீப்பு மலைவாழைப்பழம்.

வாசலில் வாடகைக் கார் நின்றது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெங்களூர் போய் அங்கிருந்து விமானம். பவித்ரா ஒரு காலத்தில் அவன் மனைவி. நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஏழு வயது மகளையும் கூடக் கூட்டிப் போகலாம் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

தீபிகா ரோஸ் நிறத்தில் ஒரு தடித்த குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு அந்த வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டிருந்தாள். கழற்றச் சொன்னால் கேட்கவில்லை.

"அப்பா, இது குளிருக்கு. அங்க ஐஸ்பொட்டி மாதிரி இருக்குமாம்."

"நம்மூரு மாதிரியா சாமி?"

"நம்மூர விட நொம்ப."

அவன் வாழைப்பழத்தை நீட்டினான். பவித்ராவின் அம்மா பாப்பாத்தி குறுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். "இதெல்லாம் பிளேன்ல உடமாட்டாங்க. நாங்க தின்னுக்கறோம், உடுங்க" என்றாள். பழம் டிவி மேசைக்குப் போனது.

வழியனுப்ப வந்தவர்களுக்குப் பாப்பாத்தி தாம்பூலத் தட்டு நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, ஒரு பூவன்பழம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்தார்கள், சித்தப்பா முறைக்காரர் எடுத்தார். தட்டு தனபாலிடம் வந்தது.

"எடுத்துக்கங்க. புள்ள நல்லபடியா போய்ச் சேரட்டும்."

தனபாலின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அவன் தட்டைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான். பாப்பாத்தி கொஞ்ச நேரம் நீட்டிய கையோடு நின்றாள். பிறகு தட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தது.

"இன்னும் கோவம் தீரலையாட்ட இருக்குது" என்று யாரோ சொன்னார்கள்.

கார்க் கதவருகே நின்ற தீபிகா தட்டைப் பார்த்தாள். அப்பாவின் கைகள் எங்கே என்று பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் பவித்ரா, "ஏறு கண்ணு, நேரமாச்சு" என்று அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கார் தெருமுனை திரும்பும் வரை கண்ணாடியில் ரோஸ் நிறம் தெரிந்தது.

அவள் பார்த்தாள் என்பது தனபாலுக்குத் தெரியும். என்ன புரிந்துகொண்டாள் என்பதுதான் தெரியாது.

தனபால் பிறந்து வளர்ந்தது மேக்காட்டில். மஞ்சக்குட்டைக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏற்றத்தில் நடந்து போக வேண்டிய சின்ன ஊர். அவனுக்குக் கொஞ்சம் காப்பிச் செடி, கொஞ்சம் சாமை போடுகிற காடு. பாக்கி நாட்களில் எஸ்டேட்டுகளில் மிளகு பறிக்கப் போவான். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி உச்சிவரை ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைத்து ஏறி, இடுப்பில் கட்டிய சாக்கில் பறித்துப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். மரத்து மேலே பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. கீழே இறங்கினாலும் அவன் பெரிதாகப் பேசமாட்டான்.

ஒருநாள் மூங்கில் வழுக்கி விழுந்து தோள் எலும்பு முறிந்தது. மலைமேலேயே இருக்கும் டவுன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ்தான் பவித்ரா. அப்போதுதான் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"வலிக்குதாங்க?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"ஏனுங்க, உங்களத்தான். வலிச்சா வாயத் தொறந்து சொல்லோணும். எனக்கு ஜோசியமா தெரியும்?"

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, என்னமோ போலவும் ஆனது. கட்டுப் பிரிக்க வந்த நாளில் அவன் ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனான். அடுத்த வாரம் கட்டே இல்லாமல் மறுபடி வந்தான். மறுபடியும் ஆரஞ்சு. "இப்ப எங்க வலிக்குது?" என்று அவள்தான் கேட்டாள். அப்படித்தான் தொடங்கியது. சேலத்தில் அவள் வீட்டார் குதித்தார்கள். அவள் யார் சொல்லையும் கேட்கவில்லை.

எந்தப் பேசாத குணத்தைப் பார்த்து அவனைக் கட்டிக்கொண்டாளோ, அதே குணம் அவளைத் தின்றது. மேக்காட்டில் ஆடி மாதம் துணி காயாது. போனுக்கு சிக்னல் கிடையாது. இரவு டியூட்டி முடித்து வந்தால் பஸ் கிடைக்காது. தீபிகா பிறந்த பிறகு, டவுனில் ஒரு வீடு பார்க்கலாம் என்று பவித்ரா கேட்டாள், கெஞ்சினாள், கத்தினாள். அவன் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காட்டை விட்டுவிட்டு வர அவனுக்கு மனம் இல்லை. அதையும் சொல்லமாட்டான்.

"செவுத்துகிட்டப் பேசுனாலும் திரும்ப எதிரொலி வரும்" என்றாள் ஒருநாள். அடுத்த வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்குப் போய்விட்டாள். தீபிகாவுக்கு அப்போது ஐந்து வயது.

விவாகரத்து சண்டை இல்லாமல் முடிந்தது. பிள்ளை அம்மாவிடம் இருக்கட்டும், லீவு நாட்களில் அப்பாவிடம் வரட்டும் என்று ஏற்பாடு. தனபால் சனிக்கிழமை கீழே போய்க் கூட்டிவருவான், ஞாயிறு சாயந்திரம் கொண்டுபோய் விடுவான். பஸ்ஸில் எந்த வளைவில் தூங்குவாள், எந்த வளைவில் வாந்தி எடுப்பாள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

அப்படி அவள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து, சுனைக்குப் பக்கத்துப் பொது நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டிருந்தார். ரிசார்ட் கட்ட. கோயில் முன்னால் ஆண்கள் குந்தியிருந்தார்கள். தீபிகா அப்பா மடியில். ஊர்க் கவுண்டர் சித்தன் விஷயத்தைச் சொன்னார். பிறகு வெற்றிலைத் தட்டைச் சுற்றில் விட்டார்.

மேக்காட்டில் அதுதான் முறை. சம்மதம் உள்ளவன் ஒரு வெற்றிலை எடுத்துக்கொள்வான். சம்மதம் இல்லாதவன் கையை ஒடுக்கிக்கொண்டு தட்டை அடுத்த ஆளுக்குப் போகவிடுவான். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற சபையில் எழுந்து "மாட்டேன்" என்று சொல்வது அவர்கள் முகத்தில் துப்புவதற்குச் சமம். யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எடுக்காதவன் வீட்டுக்கு மறுநாள் காலையில் கவுண்டர் ஆள் கூட்டிக்கொண்டு வருவார். காப்பி குடிப்பார். "ஏம்ப்பா எடுக்கல?" என்று கேட்பார். அப்போதுதான் அவன் வாய் திறப்பான். அவன் வீடு, அவன் பேச்சு. எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்டுத்தான் தீர வேண்டும். கேட்டு முடிக்கும்வரை அந்த விஷயம் முடிந்ததாகக் கணக்கில்லை.

தட்டு தனபாலைத் தாண்டிப் போனது.

"அப்பா, உங்களுக்கு வெத்தல புடிக்காதா?" தீபிகா காதில் கேட்டாள்.

"வெத்தல புடிக்கும் சாமி. நெலத்தக் குடுக்கறதுதான் புடிக்கல. அதான் எடுக்கல."

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதான?"

"மூஞ்சிக்கு நேரா சொல்லக்கூடாது கண்ணு. நாளைக்கு ஊட்டுக்கு வந்து கேப்பாங்க. அப்பச் சொல்லிக்கலாம்."

"வரலன்னா?"

"வராம எப்படி? வருவாங்க."

மறுநாள் வந்தார்கள். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு இருந்த தீபிகா வாசலிலேயே அவர்களை மறித்தாள். "எங்கப்பா ஏன் எடுக்கலன்னு கேக்கத்தான வந்தீங்க?" சித்தன் கவுண்டர் சிரித்துச் சிரித்து இருமினார். "ஆமாந்தாயி. உங்கப்பங்கிட்ட விசாரிக்க உத்தரவு உண்டுங்களா?" என்றார். அன்று தனபால் பேசினான். சுனைத் தண்ணீரைப் பற்றி, கோடையில் மாடுகள் எங்கே போகும் என்பதைப் பற்றி. உலைவைக்கிற நேரம் வரை பேசினான். நிலம் குத்தகைக்குப் போகவில்லை.

அப்பா இவ்வளவு பேசி தீபிகா பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவளுக்கு அது ஒரு விளையாட்டு. தட்டில் பீன்ஸ் பொரியலைத் தொடமாட்டாள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. மறுநாள் காலையில் எழுந்ததும் பாயிலேயே உட்கார்ந்துகொண்டு, "அப்பா, நேத்து நான் பீன்ஸ் எடுக்கல. ஏன்னு கேளுங்க" என்பாள். அவன் சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்து, "ஏந்தாயி எடுக்கல?" என்று கேட்க வேண்டும். அவள் சொல்வாள். பீன்ஸ் நார் நாராக இருக்கிறது, பீன்ஸ் பச்சைப் பாம்பு மாதிரி இருக்கிறது, பீன்ஸ் அவளைப் பார்க்கிறது. எல்லாவற்றையும் கேட்டு முடித்துத்தான் அவன் அடுப்பு மூட்டப் போவான்.

அடுத்த வருடம் பவித்ராவுக்கு அயர்லாந்து வேலை வந்தது. பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போக அனுமதி கேட்டுக் கோர்ட்டில் மனு போட்டாள். தனபாலுக்கு நோட்டீஸ் வந்தது. டவுன் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் மரியசெல்விதான் அவனுக்கு வக்கீல் பிடித்துக் கொடுத்தாள். ஜெப்சன் என்ற அந்த வக்கீல் அவள் அக்கா முறையில் ஒருவரின் மகன். சின்ன வயசு. நல்ல பையன்.

விசாரணைக்கு நடுவில் கோர்ட்டிலிருந்து ஓர் அம்மாள் ஜீப்பில் மேக்காட்டுக்கே வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளை எங்கே படுக்கும், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரித்தாள். தனபால் காப்பி போட்டுக் கொடுத்தான். அவள் குடித்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்று சொல்லிப் போனாள். கோர்ட்டும் ஊர்க் கூட்டம் மாதிரிதான், வீட்டுக்கு வந்து கேட்பார்கள் என்று அன்றைக்கே தனபாலின் மனதில் பதிந்துவிட்டது.

"ஜட்ஜம்மா உங்களையே நேரா கேப்பாங்க. மனசுல இருக்கறத அப்படியே சொல்லிருங்க" என்று ஜெப்சன் சொல்லியிருந்தான். தனபால் தலையாட்டியிருந்தான்.

அந்த நாளில் தீபிகாவை விளையாட்டுச் சாமான்கள் இருந்த ஓர் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். உள்ளே மேடைமேல் நீதிபதி. நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. எதிரே எல்லாரும் நின்றார்கள். பவித்ரா பேசினாள். அங்கே நல்ல பள்ளிக்கூடம், மகளுக்கு எதிர்காலம், வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் கூட்டிவருவேன், ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவிடம் போனில் பேசவைப்பேன். நீதிபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தனபால் பக்கம் திரும்பினார். குரல் கனிவாகத்தான் இருந்தது.

"தனபால், கொழந்தைய அம்மாவோட அனுப்பறதுல உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது இருக்கா?"

தன் தாய் வயதுள்ள ஒரு பெரிய மனுஷி. சபையில் இத்தனை பேர். தனபாலின் கைகள் தாமாக ஒடுங்கின. தலை குனிந்தது. அவனுக்குத் தெரிந்த வகையில் அவன் மறுத்தான். உடம்பு மொத்தத்தையும் கொண்டு மறுத்தான்.

"சொல்லுங்க. தயங்காம சொல்லலாம்."

ஜெப்சன் பின்னாலிருந்து முதுகில் இடித்தான். நேராக நிற்கச் சொல்கிறான் என்று நினைத்துத் தனபால் நேராக நின்றான். வாயை இன்னும் இறுக்கிக்கொண்டான். நீதிபதி கொஞ்சம் காத்திருந்தார். பவித்ரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு. பிறகு நீதிபதி குனிந்து எழுதினார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் ஜெப்சனுக்குப் போன் வந்து இன்னொரு கோர்ட்டுக்கு ஓடினான். தனபால் நிம்மதியாகவே மலை ஏறினான்.

மறுநாள் காலையில் வீட்டைக் கூட்டிச் சாணி மெழுகினான். பக்கத்து வீட்டுச் சின்னனிடம் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிவந்து போட்டான். கூடுதலாகப் பால் வாங்கிவைத்தான்.

"என்றா, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றான் சின்னன். அவனுக்குப் பங்காளி முறை, கிண்டலுக்குக் குறைவில்லாதவன்.

"கோர்ட்டுக்காரங்க வருவாங்க. நேத்து நான் எடுக்கல."

"என்னத்த எடுக்கல?"

"கேட்டாங்க. நான் ஒண்ணுஞ் சொல்லல. கேக்க வருவாங்கல்ல."

சின்னனும் மேக்காட்டுக்காரன்தான். அவனுக்கும் அதில் தப்பு ஏதும் தெரியவில்லை. "அப்ப சக்கர இருக்குதா பாத்துக்க. அன்னைக்கு வந்த அம்மா மூணு கரண்டி போட்டுச்சு" என்றான்.

என்ன பேச வேண்டும் என்று தனபால் யோசித்து வைத்திருந்தான். பஸ்ஸில் அவள் எந்த வளைவில் தூங்குவாள் என்பதிலிருந்து தொடங்கலாம். பீன்ஸ் கதையைச் சொல்லலாம். நானே வேண்டுமானால் காட்டைப் பங்காளியிடம் விட்டுவிட்டுச் சேலத்துக்கு இறங்கிவருகிறேன், பவித்ரா அன்று கேட்ட மாதிரி ஒரு வீட்டை அங்கேயே பார்க்கிறேன், பிள்ளையைக் கடல் தாண்டி மட்டும் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லலாம். இத்தனை வருடத்தில் அவன் யாரிடமும் சொல்லாத அளவுக்குப் பேச்சு அவனிடம் சேர்ந்திருந்தது.

பனி இறங்கும்வரை நாற்காலிகள் வாசலில் இருந்தன. யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

டவுனுக்குப் போய் மரியசெல்வி கடையிலிருந்து ஜெப்சனுக்குப் போன் போட்டான்.

"என்ன தனபால் அண்ணா, இப்படிப் பண்ணிட்டீங்க? ஆட்சேபணை இல்லைன்னு பதிவாயிருச்சு. ஆர்டர் வந்துரும்."

"நான் அப்படிச் சொல்லலீங்களே."

"நீங்க எதுவுமே சொல்லலையே அண்ணா. நான் இடிச்சேன். நீங்க மனசு மாறிட்டீங்கன்னு நெனச்சேன்."

"ஊட்டுக்கு யாரும் வந்து கேக்கல."

"யாரு வருவாங்க அண்ணா?" என்றான் ஜெப்சன் மெதுவாக.

மேல்மனு போடலாம், உடனே போட்டால் நிறுத்திவைக்க வழியிருக்கிறது என்றும் சொன்னான். தனபால் சரி என்று போனை வைத்தான். வைத்த கையோடு மறுபடி அது அடித்தது. பவித்ரா. அவனைத் தேடினால் மரியசெல்வி கடைக்குத்தான் பேச வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க..." அவள் அழுதுகொண்டிருந்தாள். "நீங்க தடுப்பீங்கன்னுதான் நெனச்சேன். நீங்க ஒரு வார்த்த சொல்லாம நின்னீங்களே, எனக்கு அங்கயே கால்ல உழுகலாம் போல இருந்துச்சு. இத்தன நாளு உங்களச் செவுருன்னு திட்டுனேன். மன்னிச்சுக்கங்க. தீபிகாகிட்டயும் சொல்லிட்டேன், அப்பா சரின்னுட்டாரு, சந்தோசமா போகலாம்னு."

தனபால் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"புள்ள என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. 'அப்பாவா சொன்னாரு?'ன்னு கேட்டா. ஆமான்னேன். சரிம்மான்னுட்டா."

அங்கே அவன் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அழுகிற ஒருத்தி, முதல்முறையாகத் தன்னைப் பாராட்டுகிற ஒருத்தி, அவளிடம் அந்த வார்த்தையை எடுத்து வீச அவனுக்குக் கை வரவில்லை. மேல்மனு போடவில்லை. சித்தன் கவுண்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் நெடுநேரம் நம்பவே இல்லை. "எடுக்காதவங்கிட்ட ஏன்னு கேக்காமலே முடிச்சுப்போட்டாங்களா? அதென்ன கூட்டம்டா அது?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பவித்ரா வாக்கு மாறாதவள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தது. தனபால் ஒரு டச் போன் வாங்கினான். மேக்காட்டில் சிக்னல் இல்லாததால் மரியசெல்வி கடை மூலையில் உட்கார்ந்து பேசுவான். தீபிகா திரையில் வருவாள். பின்னால் ஜன்னல், ஜன்னலில் எப்போதும் மழை.

"சாப்ட்டியா சாமி?"

"சாப்ட்டேன்பா. நீங்க?"

"சாப்ட்டேன்."

பவித்ரா பக்கத்தில் இருப்பாள். பலகாரம் வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எதைச் சொல்வது? போன் வைத்ததும் மரியசெல்வி பாய்வாள்.

"ஏய்யா, வாயில என்ன மிளகு மூட்டையா கட்டி வச்சிருக்க? 'நான் அனுப்பல கண்ணு, அது தப்பாப் போச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லேன்."

"கேட்டா சொல்லுவேங்கா."

"அது பச்சப்புள்ள. அதுக்கென்ன தெரியும் கேக்க?"

முதல் வருடம் பவித்ராவுக்கு லீவு கிடைக்கவில்லை; இரண்டு வருடம் கழித்து மே மாதத்தில்தான் வந்தார்கள். ஒருநாள் முழுக்க அவளைத் தனபாலிடம் விட்டார்கள். உயரமாக வளர்ந்திருந்தாள். டவுனில் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்க, அவள் கையில்லாத சட்டையில் திரிந்தாள். மேக்காட்டு வீட்டில் களியைக் கிள்ளிக் கிள்ளி வைத்தாள். பீன்ஸ் பொரியலை முழுதாகச் சாப்பிட்டாள்.

"பீன்ஸ் இப்பப் புடிக்குமா சாமி?"

"இட்ஸ் ஓகேப்பா" என்றாள்.

சாயந்திரம் கரடியூர் மலைமுனைக்கு வாடகை ஜீப்பில் கூட்டிப்போனான். கீழே சமவெளி முழுக்க மங்கலாகக் கிடந்தது. இங்கே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அவள் அதற்குள், "அப்பா, உங்களுக்கு நான் இல்லாம இருக்கறது ஈசியா?" என்று கேட்டாள். அவனுக்கு அந்தக் கேள்வியின் முனை எங்கே குத்துகிறது என்று புரிந்தது. தலையை இல்லை என்று ஆட்டினான். அவள் அப்போது பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் ஜீப்பிலேயே தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகள் தேய்ந்தன. நீச்சல் வகுப்பு என்றார்கள். தோழியின் பிறந்தநாள் என்றார்கள். "ரூம்ல இருக்கா, கூப்டா வர மாட்டேங்கறா" என்று பவித்ராவே சங்கடப்பட்டுச் சொன்னாள். கொரோனா வந்து டீக்கடை மூடியது. திறந்தபோது பழைய எண்ணுக்கு மணி போகவில்லை. பவித்ரா புது எண்ணை அனுப்பினாள். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் பூப் போட்ட வாழ்த்துப் படம் ஒன்று வரும். தனபால் அதற்குக் கும்பிடும் கை அனுப்புவான்.

மேக்காட்டுக்குக் கரண்ட் கம்பி மாதிரி கடைசியில் செல்போன் கோபுரமும் வந்தது. தாடி நரைத்தது. அவன் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. பால் மட்டும் தேவைக்கு மேல் வாங்குகிற பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. யாராவது வந்தால் என்பான். வாசலில் சின்னனிடம் திருப்பிக் கொடுக்காத நாற்காலி ஒன்று கிடந்தது. சின்னனும் கேட்கவில்லை.

2025 மாசியில், மிளகுப் பறிப்பு உச்சத்தில் இருந்த ஒரு காலை. தனபால் மரத்து மேலே பாதி உயரத்தில் இருந்தான். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வழக்கமாக மேலே இருக்கும்போது அவன் எடுப்பதில்லை. கீழே பெண்கள் உதிர்ந்த மிளகுக் கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். போன் மறுபடி அதிர்ந்தது. சாக்கைக் கொம்பில் மாட்டிவிட்டு இறங்கினான்.

தெரியாத வெளிநாட்டு எண். பூப் படம் இல்லை, வாழ்த்து இல்லை. குரல் பதிவு ஒன்று இருந்தது. அங்கே இன்னும் விடிந்திருக்காது. அவன் மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு அமுக்கினான். வளர்ந்த பெண்ணின் குரல். தமிழ் அங்கங்கே நின்று நின்று, வார்த்தை தேடி வந்தது.

"அப்பா. நான் தீபிகா. இது என் நம்பர். அம்மாக்கு நான் பேசறது தெரியாது. போன வாரம் இங்க ஒரு தமிழ்க் கல்யாணம். ஒரு ஆன்ட்டி எல்லாருக்கும் வெத்தல தட்டு நீட்டுனாங்க. என்கிட்ட வந்துச்சு. என் கை... எனக்குத் தெரியாமயே பின்னாடி போயிருச்சுப்பா. அப்பதான் ஞாபகம் வந்துச்சு. நான் கெளம்புன அன்னிக்கு. பாட்டி உங்ககிட்ட தட்டு நீட்டுனாங்க. உங்க கை பின்னாடி இருந்துச்சு. நான் கார்கிட்ட நின்னு பாத்தேன். பாத்துட்டு மறந்துட்டேன். அம்மா எப்பவும் சொல்லுவாங்க, அப்பா சரின்னு சொன்னாருன்னு. நான் அதத்தான் நம்பிட்டு இருந்தேன். இத்தன வருசம் உங்க மேல கோவமா இருந்தேன்பா. ஒரு வாரமா தூக்கமே வரல. எடுக்கலன்னா மறுநாள் ஊட்டுக்கு வந்து கேப்பாங்கன்னு சொன்னீங்கல்ல? யாராவது வந்தாங்களா? யாரும் வரலன்னு நெனைக்கறேன். மறுநாள் நான் பிளேன்ல இருந்தேன். லேட்டாயிருச்சு. இப்பக் கேக்கறேன். ஏன்ப்பா எடுக்கல?"